கம்பத்துக்குள் இருந்து பேசிய மாப்பிள்ளை

திரையதிகாரி என்றொரு இனம் உண்டு. எல்லா ஊர் நகராட்சியிலும் வளர்கிறது. எங்கள் கொரியாவில் கொஞ்சம் செழிப்பாகவே வளர்கிறது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, வெளியே மழையா வெயிலா என்று திரையில் பார்ப்பது இதன் முதல் லட்சணம். குப்பைத் தொட்டி நிரம்பியது, பேருந்து திணறியது, பூங்கா பெஞ்சில் கிழவர் தும்மியது என்று ஊரில் நடப்பதெல்லாம் இதற்கு ஒரு புள்ளி. பச்சைப் புள்ளியென்றால் ஊர் நலம். சிவப்பென்றால் ஊருக்கு ஆபத்து.

பியோ கி-தே இந்த இனத்தின் அசல் வித்து. அன்று நவம்பர் கடைசி. மூன்று மணிக்கு 'அறிவார்ந்த நகரம்' பட்டயம் தரும் குழு வருகிறது. பட்டயம் கிடைத்தால் துறைத் தலைவர் நாற்காலி. கிடைக்காவிட்டால் பழையபடி பிறப்புச் சான்றிதழ் கவுன்ட்டர். இரண்டரை மணிக்கு, வரைபடமெல்லாம் பச்சைப்பசேலென்று இருக்க, அலுவலகத்துக்கு எதிரே அவர் குடியிருக்கும் அடுக்ககத்து முற்றம் மட்டும் சிவந்தது. 'அனுமதியற்ற கூட்டம், நாற்பது பேர். சாக்கடையில் சாயக் கழிவு.'

திரும்பிப் பார்த்திருந்தால் ஜன்னலிலேயே தெரிந்திருக்கும். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி, அதாவது மிளகாய் விழுது தடவிய கோசு ஊறுகாய், போடுகிறார்கள். காலையில் மனைவி சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் திரையில் கிம்ச்சி என்று ஒரு வகை இல்லையே, மனிதர் எதை நம்புவார்? மைக்கைப் பிடித்தார். கண்ணும் காதும் வாயும் உள்ள முற்றத்து விளக்குக் கம்பம் கனைத்தது.

"சாயக் கழிவு கொட்டுறவங்க உடனே கலைஞ்சு போங்க."

மாமியார் புன்-நாம் முழங்கை வரை மிளகாய் விழுதோடு நிமிர்ந்தாள். "மாப்பிள்ளை, உள்ளே நீங்களா?"

"அத்தை, ஒரு மணி நேரம் நிறுத்தி வைங்க. குழு வருது."

"முந்நூறு கோசு உப்புல ஊறி நிக்குது. உங்க குழுவுக்காக அது காத்திருக்குமா?"

"அப்ப மிளகாய் போடாம வெள்ளையா போடுங்களேன்."

நாற்பது பெண்களும் கம்பத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். "நேர்ல வாங்க மாப்பிள்ளை. கம்பத்தோட பேசிக் கழுத்து வலிக்குது" என்றாள் மாமியார்.

விழுந்தடித்து ஓடினார். அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், வெந்த பன்றி இறைச்சியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டி மாமியார் உள்ளே திணித்துவிட்டாள். கன்னமெல்லாம் சிவப்பு. என்ன ருசி, என்ன ருசி.

அந்த நேரம் பார்த்துக் குழு திரை முன்னால் வந்து நின்றது. 'ஆண் ஒருவர் மீது தாக்குதல். முகத்தில் ரத்தக் காயம்.' யாரும் கூப்பிடாமலே நான்கு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் முற்றத்தில் நின்றது. திரையைப் பார்த்துக் குழு கைதட்டியது.

"அடி யாருக்குங்க?" என்றார்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள்.

கி-தே மென்றுகொண்டே கைப்பேசியில் அதே திரையைத் திறந்து பார்த்தார். முகத்தைச் சுற்றிச் சிவப்புச் சதுரம். கீழே அவர் பெயர். இன்னொரு முறை பார்த்தார்.

"எனக்குத்தான் போலிருக்கு" என்று ஏறிப் படுத்துக்கொண்டார்.

பட்டயம் கிடைத்துவிட்டது. நீங்கள் சிரிக்கிறீர்கள், நன்றாகச் சிரியுங்கள். நாளைக் காலை கண் விழித்ததும், ராத்திரி நன்றாகத் தூங்கினோமா என்று கைக்கடிகாரத்தைக் கேட்பீர்கள் அல்லவா? அப்போது பக்கத்தில் யாராவது ஸ்ட்ரெச்சரோடு நிற்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.