வெதுவெதுச் சாமியாரும் ஐந்து ஆம்பியரும்

கல்லில் சூடு வருகிறதாம்! அடுப்பில்லை, நெருப்பில்லை, வெயில்கூட எட்டிப் பார்க்காத மண்டபம். சாமியார் கண்ணை மூடி "வெது வெது வெது" என்று முணுமுணுத்தால் போதும், கல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அடியிலிருந்து அருள் ஏற ஆரம்பித்துவிடும். அருள் தலைவழியாக வரும் என்று நம்பியிருந்தவர்கள்கூட, வந்த வழியிலேயே வரட்டும் என்று அசையாமல் உட்கார்ந்தார்கள்.

முழங்கால் வலிக்காரர், வேலை கிடைக்காதவர், வேலை கிடைத்தும் போகப் பிடிக்காதவர் என்று வரிசை தெருமுனையைத் தாண்டியது.

சந்தேகப் பிராணிகளுக்காகவே சாமியார் சுவரில் இரண்டு முள் மீட்டர்களை மாட்டியிருந்தார். ஒன்று வோல்ட், இன்னொன்று ஆம்பியர். வோல்ட் முள் இருநூற்றிருபதில் சமர்த்தாக நிற்கும். ஆம்பியர் முள், மண்டபத்து விளக்கு விசிறிகளுக்காக, மூன்றில் நிற்கும். மந்திரம் தொடங்கியதும் அது துள்ளி எட்டுக்குப் போகும்.

"பாத்தீங்களா? என் சக்தி கட்டடத்துக்குள்ள பாயுது! இது விஞ்ஞானம்!" என்பார் சாமியார். விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டதும் படித்தவர்கள் முதலில் விழுவார்கள்.

அப்படி விழுந்தவர்களில் ஒருவர் காப்பீட்டு அலுவலகக் கணக்கர். நாள் முழுக்கப் பெருக்கி வகுப்பதுதான் அவர் தொழில். மண்டபத்துக்கு வரும்போது மட்டும் அந்தப் பழக்கத்தைச் செருப்போடு வெளியே விட்டுவிடுவார். அவருக்கு முதுகுவலி. கல்லில் உட்கார்ந்தால் இதமாக இருந்தது. இதம் போதாதா? வீட்டு முன்னறையில் கிளைக் கல் ஒன்று போட்டுக்கொள்ளச் சாமியாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த முன்னறையில்தான் அவர் மனைவி பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்களை எங்க உக்கார வைப்பேன்? உங்க தலைமேலயா?" என்றார் மனைவி.

"கோவப்படாதம்மா. முதுகு எப்படி இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்!"

"வெந்நீர் ஒத்தடம் குடுத்தாலும்தான் நல்லா இருக்கும். அதுக்காக வெந்நீருக்கு ரூமை எழுதிக் குடுப்பீங்களா?"

"மீட்டரே காட்டுதே! மூணுலேருந்து எட்டுக்கு ஏறுதே!"

சட்டை தேய்த்துக்கொண்டிருந்த கணக்கரின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை மனைவி வாங்கினார். அதன் அடிவயிற்றில் பொறித்திருந்ததைப் படித்தார்: இருநூற்றிருபது வோல்ட், ஆயிரத்து நூறு வாட். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் டியூஷன் பிள்ளைகள் நடுங்குவார்கள்.

"நாளைக்கு நானும் வர்றேங்க. சாமியார் ஒரு சோதனையில தேறிட்டா, ரூமை நானே கூட்டிப் பெருக்கிக் குடுக்கறேன்."

மறுநாள் மண்டபத்தில் முன்னறை ஒப்படைப்பு விழா. சாமியார் உயரமான ஆசனத்தில், கால்களைப் பட்டு மெத்தையில் ஊன்றி வீற்றிருந்தார். டீச்சரான கணக்கரின் மனைவி துணிப்பையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து, மைக்குக்கான பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே பெட்டியின் பிளக்கைச் சொருகினார்.

"சாமி, மந்திரத்தை ஆரம்பிச்சிடாதீங்க. எல்லாரும் மீட்டரைப் பாருங்க."

சுவிட்சைப் போட்டார். முள் துள்ளியது. மூன்றிலிருந்து எட்டு!

கூட்டம் "ஆ!" என்றது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் இஸ்திரிப் பெட்டியை விழுந்து கும்பிட்டே விட்டார்.

"அம்மா, இஸ்திரிக்கும் அருளுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உறுமினார் சாமியார்.

"அதைத்தாங்க நானும் கேக்கறேன். மூணுலேருந்து எட்டு, ரெண்டும் அஞ்சு ஆம்பியர் சாப்பிடுது. இந்த மீட்டர் உள்ள வர்ற கரண்ட்டைத்தான் காட்டும். நீங்க குடுக்கிறதைக் காட்டாது, எடுக்கிறதைக் காட்டும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா வாட்டு. இருநூத்தி இருபது இன்ட்டு அஞ்சு, ஆயிரத்து நூறு. பொட்டி அடியிலயும் அதுதான் போட்டிருக்கு. வகுத்தா தடை. நாப்பத்துநாலு ஓம்."

'ஓம்' என்றதும் பின்வரிசையில் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அது மந்திரம் இல்லைங்க, கம்பிச்சுருளோட அளவு! இந்தப் பொட்டிக்குள்ள இருக்கிற மாதிரியே ஒரு சுருள் கல்லுக்கு அடியிலயும் இருக்கு."

"பொய்! பாவம்! சக்தி என் நாவில் இருக்கிறது!"

"ரொம்ப நல்லது. நாவுலதானே? அப்போ காலை மட்டும் மெத்தையிலேருந்து தூக்கிக்கிட்டு மந்திரம் சொல்லுங்க."

டீச்சர் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். முள் மூன்றுக்கு இறங்கியது. சாமியார் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவர் காலைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் இரண்டு காலையும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு "வெது வெது வெது" என்றார். முள் அசையவில்லை. "வெதுவெதுவெதுவெது!" என்று மூச்சுவாங்கக் கத்தினார். முகம்தான் சூடாகிச் சிவந்தது. கால் நடுங்கியது. கடைசியில் தாங்க முடியாமல் தொப்பென்று மெத்தையில் விழுந்தது.

டிக்!

முள் எட்டுக்குத் தாவியது.

கணக்கர் எழுந்தார். குனிந்து மெத்தையைத் தூக்கினார். அடியில் ஒரு கால் சுவிட்ச். அதிலிருந்து கல்லுக்கு ஒரு வயர். சாமியார் "இது சோதனைக் காலம்" என்று சொல்லிக்கொண்டே பின்வாசலைத் தேடினார். முழங்கால் வலிக்காரர்தான் முதலில் துரத்தினார். நல்ல ஓட்டம்.

குனிந்த கணக்கரால் நிமிர முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது.

"வீட்டுக்கு வாங்க, ஒத்தடம் குடுக்கறேன்" என்றார் மனைவி. "ரூம்?"

"பிள்ளைங்களுக்குத்தாம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடியே.

வாசலில் ஒருவர் ஓடிவந்து வழிமறித்தார். "அம்மா, இந்த இஸ்திரிப் பெட்டியை என்னிக்கு வந்து தரிசிக்கலாம்?"

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். என்ன செய்வது? சட்டை கசங்கக் கூடாது என்பதில் நமக்கெல்லாம் அத்தனை கவனம். மூளையும் கசங்கக் கூடாது என்று எவன் சொன்னான்? கொஞ்சம் கசக்கித்தான் பாருங்களேன்!