தீவிரவாதியின் தம்பி

“மீசையை எடுத்துடுங்க” என்று மனைவி ரேசரை நீட்டியதும் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு மகா கலைஞனாகத் துடித்துப்போனார்.

“நேத்து ஊரே பார்த்த மீசைடி இது!”

“ஊரே பார்த்ததாலதான் எடுக்கச் சொல்றேன். பையனோட அப்பா அம்மா இப்ப வந்துடுவாங்க. பொண்ணோட அப்பா ரயில்வே ஸ்டேஷனுக்குக் குண்டு வெச்சவர்னு தெரிஞ்சா டீ குடிப்பாங்களா, ஓடுவாங்களா?”

விஷயம் இதுதான். தீவிரவாதத் தடுப்புப் படையைப் பற்றிய தொடர் ஒன்று டிவியில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அதன் டைரக்டர் மூக்குக்கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தவர், ஃப்ரேம்களை விட்டுவிட்டுக் கடைக்காரரையே உற்றுப் பார்த்தார். “சார், உங்க முகத்தைப் பார்த்தா யாருக்கும் சந்தேகமே வராது. எனக்கு அதுதான் வேணும்” என்றார். இப்படித்தான் நம்மவர் ஒரு முழு எபிசோடுக்குத் தீவிரவாதக் கும்பலின் தலைவரானார். காலமெல்லாம் “மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர், ஒரு போலீஸ் அதிகாரியை நாற்காலியில் கட்டிப்போட்டு மிரட்டினால் பெருமை இருக்காதா? தெருவில் நடக்கும்போதே நெஞ்சு ஒரு அங்குலம் முன்னால் போனது.

ஆனால் அந்த எபிசோடு நேற்றுத்தானா வர வேண்டும்! மகளும் அந்தப் பையனும் ஒரே ஆபீஸ். ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், பெரியவர்கள் சந்தித்துப் பேசுவதுதான் பாக்கி. பையன் வேலையாக வெளியூர் போயிருந்தான். பெற்றோர் மட்டும் வருகிறார்கள்.

“அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் சாதாரண மனுஷனா இருங்கப்பா” என்று மகள் கெஞ்சினாள். செல்ல மகள் கெஞ்சினால் எந்தத் தீவிரவாதி தாங்குவான்? குளியலறைக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு மீசையை வழித்துவிட்டு வந்தார்.

மகள் ‘வீல்’ என்றாள். “ஐயோ! கடைசி சீன்ல நீங்க மீசையை எடுத்துட்டுத்தானே போலீஸ்கிட்ட இருந்து தப்பிப்பீங்க? இப்ப அச்சு அசல் அந்த ஆள் மாதிரியே இருக்கீங்க!”

வாசலில் கார் வந்து நின்றது. எடுத்த மீசையைத் திரும்ப ஒட்டவா முடியும்? மகள் புருவப் பென்சிலை எடுத்து அவசர அவசரமாக ஒரு மீசையை வரைந்தாள். அவசரத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது.

பையனின் அம்மா கலகலப்பாக உள்ளே வந்தார். பின்னால் பையனின் அப்பா வந்தார். நெடிய உருவம், கழுத்தைச் சுற்றி மஃப்ளர்.

“இவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்” என்றார் அந்த அம்மாள்.

அவர் பேசாவிட்டால் போகிறது, பார்க்காமலாவது இருக்கலாமே! உட்கார்ந்ததிலிருந்து கண்ணாடிக்கடைக்காரரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நம்மவருக்கு வியர்த்தது. டீயை ஒரே மடக்காகக் குடித்து, பழக்கதோஷத்தில் புறங்கையால் வாயைத் துடைத்தார். பாதி மீசை கையோடு வந்துவிட்டது.

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். “நீங்க... நேத்து டிவியில...”

“அது இவரோட அண்ணன்!” என்று மனைவி முந்திக்கொண்டார். “ரெட்டைப் பிறவி.”

“அப்ப இந்த மீசை?”

“அண்ணன் ஞாபகமா வரைஞ்சுக்குவார்.”

“ஞாபகமாவா? அப்படின்னா அவர்...”

மனைவி விட்டத்தைப் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. “போய்ச் சேர்ந்துட்டார். ஷூட்டிங் முடிஞ்ச கையோட.”

“அடக் கடவுளே! எப்படி?”

“நெஞ்சு வலி” என்று மனைவியும், “விபத்து” என்று மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“விபத்துல நெஞ்சு வலி” என்று தம்பி முடித்துவைத்தார்.

பையனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். தன்னுடைய சாவுக்குத் தானே எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தும் பாக்கியம் கண்ணாடிக்கடைக்காரருக்குக் கிடைத்தது. அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டு, மற்றவர்களோடு திரும்ப உட்கார்ந்தார். அதற்கு மேல் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

“என்ன நடிப்பு! அந்த ஆபீசரைக் கட்டிப்போட்டுட்டு ஒரு வசனம் பேசுவாரே, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. அவர்தாங்க கலைஞன்!” என்ற அந்த அம்மாள், கண்ணாடிக்கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். “கூடப் பிறந்தும் இவருக்கு அந்தக் களை வரல பாருங்க. எல்லாருக்குமா அந்த வரம் கிடைக்கும்?”

கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“ஏங்க, உட்காருங்க” என்றார் மனைவி.

“முடியாது! அண்ணனும் கிடையாது, ஆட்டுக்குட்டியும் கிடையாது. நடிச்சது நான்! பாருங்க!”

பாதி மீசையோடு முன்னால் வந்தார். கண்ணை இடுக்கினார். முகம் நிஜமாகவே மாறிப்போனது. மகளே ஓரடி பின்வாங்கினாள். வாயைத் திறந்தார்.

“நீங்க தேடுறது குண்டை இல்ல ஆபீசர். உங்க நிம்மதியை. அது இனிமே கிடைக்காது!”

வந்தது கீச்சுக்குரல். “கீழ் வரி தெரியுதா?” என்று கேட்பாரே, அதே குரல்.

பையனின் அம்மா முகம் சிவந்துவிட்டது. “செத்துப்போனவரை வெச்சு விளையாடாதீங்க. அது இந்தக் குரலா? எனக்குத் தெரியாதா அந்தக் குரல்?”

“அது... மெஷின்ல போட்டுக் கொஞ்சம் கனமாக்குவாங்க...”

“மெஷினாவது, மண்ணாங்கட்டியாவது! முதல்ல அண்ணன்னீங்க, அப்புறம் செத்துட்டார்னீங்க, இப்ப மெஷின்ங்கறீங்க. முதல் நாளே இத்தனை பொய் சொல்ற வீட்டுல எப்படிங்க சம்பந்தம் பண்றது?” கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “கிளம்புங்க போகலாம்.”

அவர் கணவர் மட்டும் அசையவில்லை.

மகள் அழவில்லை. அழாமல் இருக்க அவள் பட்ட பாடுதான் கண்ணாடிக்கடைக்காரரை உலுக்கியது. மனைவியிடம்கூடச் சொல்லாத ஒரு ரகசியம் அவரிடம் இருந்தது. நேற்று டிவிக்கு முன்னால் வீடே கைதட்டியபோது, அவர் மட்டும் உள்ளுக்குள் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தார். அதை வெளியே சொன்னால் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச பெருமையும் காற்றில் போய்விடும். போனால் போகட்டும், பெண்ணைவிடவா பெருமை பெரிது?

“அம்மா, ஒரு நிமிஷம் நில்லுங்க. இப்ப சொல்றது சத்தியமான வார்த்தை. முகம் என்னுதுதான். குரல் என்னுது இல்ல. என் குரலைக் கேட்டுட்டு டைரக்டரே சிரிச்சுட்டார். அப்புறம் யாரையோ வெச்சுப் பேசவெச்சிருக்காங்க. அந்தப் புண்ணியவான் யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் சும்மா முறைச்சுக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான். உயிர் கொடுத்தது அந்த மனுஷன். நீங்க சொன்னீங்களே கலைஞன்னு, அது அவர். எம் மேல கோபம் இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டுப் போங்க. என் பொண்ணு பொய் சொன்னதும் எங்களுக்காகத்தான். அவளை வேண்டாம்னு சொல்லிடாதீங்க.”

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் புருஷனை நினைத்து அவருக்கு இப்படிப் பெருமையாக இருந்ததே இல்லை.

பையனின் அப்பா மெதுவாக எழுந்தார். மஃப்ளரை அவிழ்த்தார்.

“ஐயோ, வேண்டாங்க!” என்று அவர் மனைவி பதறிப்போய்க் கையைப் பிடித்தார். “வாயைத் திறந்தா சம்பந்தமே போயிடும்னு எத்தனை தடவை சொன்னேன்!”

அவர் கையை விலக்கிவிட்டு நேராக வந்து, கண்ணாடிக்கடைக்காரரை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பிறகு, நேற்று அந்த அதிகாரியை நடுங்கவைத்த அதே இடிக்குரல் கூடம் முழுக்க முழங்கியது.

“அந்தப் புண்ணியவான் நான்தான், சம்பந்தி!”