நாவலடிக்குளத்தின் நோய்க் கச்சேரி

“உனக்கு வருத்தம் இருக்கெண்டதுக்கு என்ன அத்தாட்சி?”

கருவாட்டுக்காரி புனிதத்தைப் பார்த்து அப்புத்துரையர் கேட்ட இந்தக் கேள்வி, மருத்துவ வரலாற்றிலே பொன்னெழுத்தில் பொறிக்கப்பட வேண்டியது. அதுவரை உலகத்து வைத்தியர்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலேயே காலத்தை வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். நோயாளியையும் தகுதி பார்த்துத் தெரிவு செய்யலாம் என்று முதன்முதலில் காட்டியது நாவலடிக்குளம் கிராம அபிவிருத்திச் சங்கந்தான்.

விசுவமடுவுக்கு அப்பால் காடு வெட்டி, யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைக் குடியேற்றிய இடம் நாவலடிக்குளம். தொடக்கத்தில் அங்கே காணிக் கச்சேரி நடந்தது. விண்ணப்பித்தவர்களை வரிசையில் நிறுத்தி, பெண்சாதி இருக்கிறாளா, பிள்ளைகள் எத்தனை, மண்வெட்டி பிடிக்க உடம்பில் பெலம் இருக்கிறதா என்று விசாரித்து, தகுதியானவர்களுக்கு வயல் கொடுத்தார்கள். அந்த முறை ஊருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகு விதைநெல் வந்தபோதும், முள்ளுக்கம்பி வந்தபோதும் சங்கமே கச்சேரி வைத்துப் பங்கிட்டது. ஒருமுறை கோழிக்குஞ்சுக்கும் வைத்தது. குஞ்சுகள் கச்சேரி முடியுமுன் இறந்துபோயின. ஆனால் தெரிவில் ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, கொழும்பிலிருந்து டொக்டர் கதிர்காமநாதன் ஒரு புது மருந்தோடு வந்தார். குடலில் வளரும் புற்றுநோய்க் கட்டிக்கு ஊசியாகப் போடும் மருந்து. அது வேலை செய்கிறதா என்று ஆறு பேரில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். ஊசிக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு டின் பால்மாவும் உண்டு. சரியான ஆட்களைத் தெரிவு செய்து வைக்கும்படி சங்கத் தலைவர் அப்புத்துரையரிடம் சொல்லிவிட்டு, டொக்டர் ஜீப்பில் ஏறிச் சாப்பிடப் போனார்.

அப்புத்துரையருக்கு மருந்தைப்பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அரசாங்கம் எதைத் தந்தாலும் முதலில் வாங்கிவிட வேண்டும், எதற்கென்று பிறகு விசாரிக்கலாம் என்ற பொருளாதாரத் தத்துவம் தெரியும். அன்று பின்னேரமே சங்கக் கொட்டிலில் ‘நோய்க் கச்சேரி’ கூடியது.

புனிதம் வரிசையின் கடைசியில் நின்றாள். நடுவில்தான் வந்து நின்றாள். கருவாட்டுக் கடகத்தின் மணம் அவளைக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டது. கொக்கிளாயிலிருந்து பஸ் ஏறி வந்து குடியேற்றத்தில் வீடு வீடாகக் கருவாடு விற்பவள் அவள். கொஞ்ச நாளாக இரத்தம் போய்க்கொண்டிருந்தது. உடம்பு வற்றி, சட்டை தொளதொளத்தது. ஆசுப்பத்திரியில் அப்போதிக்கரி வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, “குடலிலை கட்டி வளருது பிள்ளை. இதுக்கு எங்களிட்டை மருந்தில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சாவுக்கு அவள் அவ்வளவு பயப்படவில்லை. மகள் சுசிலாவை நினைத்துத்தான் பயந்தாள். சுசிலா மீனை வடிவாக வெட்டி உப்பிட்டுக் காயவைப்பாள். விலைபேச மட்டும் வராது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, மேலே ஒரு கருவாட்டையும் சும்மா வைத்துவிடுவாள். அந்தப் பெட்டைக்கு விலைபேசப் பழக்கும்வரையாவது உயிரோடிருக்க வேண்டும். இதற்காகப் புனிதம் மாதாவிடம் ஐந்து வருசம் கேட்டு, பிறகு மூன்றுக்கு இறங்கி, இப்போது இரண்டில் நின்றாள்.

முன்னால் ஏரம்புவின் முறை வந்தது. வாட்டசாட்டமான கமக்காரன். அப்புத்துரையர் கேட்டார்:

“பிள்ளையள்?”

“ஏழு, ஐயா.”

“மெத்த நல்லது. எருது?”

“ஒரு சோடி நிக்குது.”

“போன போகம் எப்பிடி?”

“நல்ல விளைச்சல்.”

“வருத்தம்?”

ஏரம்பு தலையைச் சொறிந்தான். “வருத்தமெண்டு ஒண்டும் இல்லை ஐயா. ஆனா தந்தியளெண்டால் பாழாப்போக விடமாட்டன்.”

சபை தலையாட்டியது. காணி கேட்டபோதும் ஏரம்பு இதையே சொன்னான். சொன்னபடியே காட்டை வயலாக்கினான். செயலாளர் யோகலிங்கத்தார் அவன் பெயரை எழுதிக்கொண்டார். இந்த விதமாக நிறைந்த பெலமும் நன்னடத்தையும் கொண்ட ஐந்து பேர் தெரிவானார்கள். கடைசி இடத்தை அப்புத்துரையர் பெருந்தன்மையோடு தனக்கே ஒதுக்கிக்கொண்டார். அதன்பிறகுதான் புனிதத்தைக் கூப்பிட்டார்கள்.

“புருசன்?”

“கடலோடை போயிட்டார், ஐயா.”

“காணி பூமி?”

“இல்லை.”

“எருது, வண்டில்?”

“இல்லை.”

“அப்ப என்னத்தை வைச்சுக்கொண்டு வந்து நிக்கிறாய்?”

“வருத்தம் இருக்கு, ஐயா.”

சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முழுவதும் ஒருவரும் சொல்லாத விடை அது. அப்போதுதான் அந்த வரலாற்றுப் புகழ்பெற்ற கேள்வி பிறந்தது. அத்தாட்சியாகப் புனிதம் தயங்கித் தயங்கி, இரத்தம் போவதைச் சொன்னாள்.

“சீச்சீ, அந்தக் கதையெல்லாம் ஆம்பிளையள் இருக்கிற சபையிலை கதையாதை” என்றார் அப்புத்துரையர். “ஊர் விதானையாரின்ரை கடிதம் வைச்சிருக்கிறியோ?”

“அவருக்கு என்ரை வயித்துக்குள்ளை இருக்கிறது என்னெண்டு தெரியும் ஐயா?”

“பாத்தியளே வாயை! உன்ரை நிலையைப் பாத்தால் மருந்தை வீணாக்கிற ஆள் மாதிரிக் கிடக்கு. போ, போய் உடம்பைத் தேத்திக்கொண்டு வா.”

டொக்டர் வந்து தெரிவானவர்களைப் பரிசோதித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நிறுத்துப் பார்த்தார். இவ்வளவு ஒத்துழைக்கிற நோயாளிகளைத் தான் கொழும்பிலும் கண்டதில்லை என்றார்.

“நோய் எப்பிடிக் கிடக்கு, டொக்டர்?” என்று யோகலிங்கத்தார் கவலையோடு கேட்டார்.

“மிக ஆரம்ப நிலை. இன்னும் தொடங்கேல்லை எண்டே சொல்லலாம். இந்த நிலையிலை மருந்து குடுத்தால் பலன் நிச்சயம்.”

புனிதம் அப்போதும் போகாமல் கொட்டில் வாசலில் நின்றாள். டொக்டர் கண்டு, உள்ளே கூப்பிட்டு, வாங்கில் படுக்கவைத்து அமத்தினார். அவர் முகம் மாறியது. அன்றைக்கு அவர் கைக்கு அகப்பட்ட ஒரே கட்டி அது. வெளியே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

“இவவுக்கு முத்திப்போச்சு. சேர்த்தால் மருந்துக்குக் கெட்ட பேர் வந்திடும்.”

அப்புத்துரையர் பெருமையோடு நிமிர்ந்தார். படித்த டொக்டரும் தானும் ஒரே முடிவுக்கு வந்ததில் அவருக்கு ஆச்சரியமில்லை.

டொக்டர் யோசித்தபடி மறுபடி உள்ளே போனார். “ஆனா ஒண்டு. மருந்து எடுத்த ஆக்களோடை ஒப்பிட, மருந்து எடுக்காத ஒரு ஆள் வேணும். புனிதம், நீர் அந்த ஆளா இரும்.”

புனிதத்துக்குச் சந்தோசமாக இருந்தது. “சரி ஐயா. எனக்கு என்ன தருவியள்?”

“ஒண்டும் தரமாட்டம். அதுதான் உம்மடை பங்கு.”

“பால்மா?”

“அதுவும் இல்லை. உம்மைக் கவனிச்சுக்கொண்டு மட்டும் இருப்பம்.”

“அது எனக்குக் கட்டாது ஐயா. ஏதாவது பாத்துச் செய்யுங்கோ.”

டொக்டர் சிரித்தார். “மருந்து நல்லதெண்டு முடிவானால், அதுக்குப் பிறகு முதல் ஊசி உமக்குத்தான். சரியே?”

புனிதம் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தாள். கடனுக்குக் கொடுக்கிற மாதிரியான வியாபாரந்தான். ஆனால் கொழும்பு டொக்டர் வாயால் சொன்ன சொல். ஒப்புக்கொண்டாள்.

ஊசிகள் ஆரம்பமாயின. மருந்து சும்மா மருந்தல்ல. தெரிவான ஆறு பேரும் ஓங்காளித்துச் சத்தியெடுத்தார்கள். வாய் அவிந்து, கஞ்சியும் இறங்கவில்லை. தலைமயிர் கொத்தாகக் கொட்டியது. ஏரம்பு விதைப்புக்கு இறங்க முடியாமல் பாயில் சுருண்டான். கழுத்தில் போட்ட துவாய்கூடப் பாரமாக இருக்கிறது என்றான். அவன் பெண்சாதி தலையிலடித்துக்கொண்டு டொக்டரிடம் ஓடினாள்.

“கல்லுமாதிரி இருந்த மனுசன், ஐயா!”

“பாருங்கோ, இப்பதான் சரியான நோயாளி மாதிரி இருக்கிறார்” என்று டொக்டர் அவளைத் தேற்றினார். “இனி இவரைச் சுகப்படுத்தலாம்.”

சொன்னபடியே செய்தார். ஊசியை நிறுத்தினார். கொஞ்ச நாளில் சத்தி நின்றது. தலையில் புல்லுமாதிரி மயிர் முளைத்தது. ஏரம்பு எழும்பி உட்கார்ந்து பழஞ்சோறு கேட்டான். ஆறு பேரும் பூரண சுகம். மருந்தின் வல்லமையை இதைவிட எப்படி நிரூபிப்பது?

புனிதத்தைக் ‘கவனிக்கும்’ பொறுப்பு யோகலிங்கத்தாருக்கு விடப்பட்டிருந்தது. அவரும் கடமை தவறாமல், அவள் வந்தபோதெல்லாம் வாசல் படலைக்கு வந்து கவனித்தார். சீலாக் கருவாட்டைக் கையில் தூக்கி நிறை பார்த்தார். அவளுடைய நிறையை ஒருநாளும் கேட்கவில்லை. பிறகு அவளுக்கு எழும்ப முடியாமல் போயிற்று. மாரி முழுவதும் கொக்கிளாயிலேயே கிடந்தாள். பாயில் கிடந்தபடியே சுசிலாவைச் சந்தைக்காரியாக இருத்தி, தான் வாங்க வந்தவள்போல விலைபேசிப் பழக்கினாள். சுசிலா ஒவ்வொரு முறையும் தாய்க்கு இரங்கி விலையைக் குறைத்தாள்.

தை பிறந்ததும், நாவலடிக்குளத்தில் மருந்தின் வெற்றிவிழா என்று பஸ்ஸில் கதை அடிபட்டது. முடிவு வந்துவிட்டது, இனி முதல் ஊசி தனக்குத்தான். புனிதம் நல்ல சீலை உடுத்து, வெறுங்கையோடு போகக் கூடாதென்று கடகத்தில் கொஞ்சக் கருவாடும் எடுத்துக்கொண்டு, வழியில் இரண்டு இடத்தில் குந்தியிருந்து இளைப்பாறி எழும்பி, கொட்டிலுக்கு வந்து சேர்ந்தாள். பின்வரிசையில், அவளிடம் வழக்கமாகக் கருவாடு வாங்கும் சிவனேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடையில் மாலையோடு டொக்டர் இருந்தார். ஒலிவாங்கிக்கு முன்னால் அப்புத்துரையர் நின்றார்.

“மருந்து எடுத்த ஆறு பேரும் இண்டைக்கு எங்களோடை உயிரோடை இருக்கினம்!” கைதட்டு. “மருந்து எடுக்காத ஒரேயொரு பெண்மணி மட்டும், ஐயோ, காலமாகிவிட்டா. இதிலை இருந்தே மருந்தின்ரை மகிமை விளங்கும்!”

ஆரோ ஒருத்தி பாவம் என்று புனிதம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சிவனேஸ்வரி முழங்கையால் இடித்தாள். “எடி, மருந்து எடுக்காதது நீயெல்லே?”

“ஓமக்கா. நான்தான்.”

“அப்ப செத்தது?”

புனிதம் கொஞ்சம் யோசித்தாள். “அதுவும் நான்தான் போலை.”

“போய்ச் சொல்லடி!”

அவள் மெல்ல நடந்து மேடைக்குப் போனாள். சனம் முழுவதும் பார்த்தது; எல்லோரும் அவளிடம் கருவாடு வாங்கித் தின்றவர்கள்தான். யோகலிங்கத்தார் குறுக்கே வந்தார்.

“என்ன புனிதம் இது? மாரி முழுக்க உன்னைக் காணேல்லை. அப்ப நாங்கள் என்னெண்டு நினைக்கிறது?”

“ஒருக்கால் வந்து பாத்திருக்கலாமே, ஐயா.”

“கொக்கிளாய் கிட்டடியே?”

டொக்டர் எழும்பி வந்தார். நல்ல மனிதர், உண்மையாகவே வருந்தினார். “புனிதம், நீர் உயிரோடை இருக்கிறது எனக்குத் தனிப்பட்ட முறையிலை மெத்தச் சந்தோசம். ஆனா ஆராய்ச்சி முடிவு கொழும்புக்குப் போட்டுது. அங்கையிருந்து சீமைக்கும் போட்டுது. இனி உம்மை உயிரோடை எழுப்பினால் மருந்து தோத்துப்போம்.”

“நான் தோக்கச் சொல்லேல்லை ஐயா. மருந்து வெல்லட்டும். எனக்குச் சொன்ன ஊசியைப் போடுங்கோ.”

“செத்த ஆளுக்கு ஊசி போட்டதெண்டு நான் எப்பிடி எழுதுறது?”

“எழுதாமல் போடுங்கோ.”

“அது ஒழுங்கில்லை.”

“ஒண்டு போதும்.”

டொக்டர் கழுத்து மாலையை நேராக்கினார்.

“அரை ஊசி, ஐயா. பெட்டைக்கு விலைபேசப் பழக்கி முடியேல்லை.”

சனத்துக்குள் சலசலப்பு எழுந்தது. ஏரம்பு எழும்பி ஏதோ சொல்லப் போனான். ஆபத்தை உணர்ந்த அப்புத்துரையர் ஒலிவாங்கியை இழுத்துப் பிடித்தார். தலைவருக்கு வேண்டிய சமயோசிதம் அவரிடம் எப்போதும் உண்டு.

“காலஞ்சென்ற புனிதம் அவர்களுக்காக எல்லாரும் எழும்பி ஒரு நிமிசம் மௌனமா நில்லுங்கோ!”

நாவலடிக்குளம் எழுந்து நின்றது. ஏரம்பு ஏற்கெனவே எழும்பி நின்றதால் வாயை மட்டும் மூடிக்கொண்டான். தலைகள் குனிந்தன. மருந்து எடுத்த அந்த ஆறு அரைகுறைத் தலைகளும் குனிந்தன.

ஊரே தனக்காக எழும்பி நிற்கும்போது என்ன செய்வதென்று புனிதத்துக்குத் தெரியவில்லை. அவளும் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றாள். பிறகு பின்வரிசைக்குப் போனாள். சிவனேஸ்வரி மூச்சுவிடாமல் கடகத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தாள். டொக்டர் ஒருதரம் நிமிர்ந்தார். காலமானவர் வாசலைத் தாண்டுவதைக் கண்டு, மரியாதையாக மறுபடி குனிந்துகொண்டார்.

யாராவது கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அஞ்சலி நேரத்தில் வாய் திறப்பது பண்பல்ல. நாவலடிக்குளத்தார் பண்பில் குறைந்தவர்கள் அல்லர். ஒரு நிமிடம் முடிந்தது. ஒருவரும் நிமிரவில்லை. அவள் வாய்க்கால் பாலத்தைக் கடந்து, பஸ் தரிக்கும் பாலை மரத்தடிக்குப் போய்ச் சேரும்வரை, முழு மரியாதையோடு அப்படியே நின்றார்கள்.