செல்லுபடியாகும் சத்தியம்

மதுவிலக்குப் பிரச்சார அலுவலராக அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர் இளைஞர், நல்லவர், குடியின் வாசனையே அறியாதவர். அப்பா குடித்தே போய்ச் சேர்ந்ததால், ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டேன் என்று அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

முதல் கூட்டத்திலேயே ஊர் அவர் பேச்சுக்கு ஒருமனதாகச் சம்மதித்தது. அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளையிலேர்ந்து யாரும் குடிக்க மாட்டோம், சார்," என்றார் ஊர்த் தலைவர். "டம்ளர் எங்க?"

"டம்ளர் எதுக்கு?"

"வாக்குன்னா ரெண்டு தரப்பும் ஒரு வாய் குடிக்கணும். குடிக்காம சொன்னது இந்த ஊர்ல பேச்சே இல்ல, வெறும் காத்து. நிலம், கல்யாணம், எதுவானாலும் அதுதான் முறை."

"குடிக்க மாட்டேன்னு சொல்றதுக்குமா?"

"வேணாம்னா விடுங்க சார். நாளைக்கு நாங்க குடிச்சா குத்தம் சொல்லக் கூடாது."

அலுவலர் தலைமையகத்துக்குப் போன் போட்டார். "வட்டார மரபுகளுக்கு ஊறு நேராவண்ணம் இலக்கை எய்துக" என்று மேலதிகாரி திருவாய் மலர்ந்தார். அலுவலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்துக்கு ஒரு வாய் வீதம் ஊர் முழுவதன் வாக்கையும் பெற்றுக்கொண்டார். அறைக்கு அவரைத் தூக்கித்தான் போனார்கள்.

ஊர் சொன்ன சொல் தவறவில்லை. சிக்கலே அதில்தான். குடிக்காததால் எந்தப் பேச்சையும் முடிக்க முடியவில்லை. பெண் பார்த்தவர்கள் பார்த்தபடியே இருந்தார்கள்; வீட்டை விற்றவர் விற்ற வீட்டிலேயே தூங்கினார். கொடுத்த வாக்கை ரத்து செய்யலாமென்றால், ரத்துக்கும் ஒரு வாய் வேண்டும்.

ஊர் கூடித் தீர ஆராய்ந்ததில், எந்த வாக்குக்கும் கட்டுப்படாத ஒரே வாய் அலுவலருடையது என்பது தெரியவந்தது. இனி இரு தரப்புக்கும் சேர்த்து அவரே குடிப்பது என்று முடிவாயிற்று. அம்மாவுக்குச் செய்த சத்தியம்? அது குடிக்காமல் செய்தது, செல்லாது. இந்த நுணுக்கம் ஊரைவிட முந்தி அலுவலருக்கே பிடிபட்டது.

முழு மதுவிலக்கு கண்ட ஊர் என்று துறை விருது வழங்கியது. விருதை ஒருவர் பிடித்துக்கொண்டார். அலுவலரை இருவர் பிடித்துக்கொண்டார்கள்.

சேதி கேட்டு அம்மா வந்து இறங்கினாள்.

"உங்கப்பா சொந்தக் காசுலதான் குடிச்சாரு. உனக்கு இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களாடா?"

"மக்கள் நலனுக்கும்மா..."

"இனிமே தொட மாட்டேன்னு சொல்லு."

அலுவலர் தேம்பினார். "சத்தியமா தொட மாட்டேம்மா."

பக்கத்தில் நின்ற ஊர்த் தலைவர் தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும்மா. வெறும் வாயால சொன்னா இங்க செல்லாது. ரெண்டு தரப்பும்..."

அம்மா மகனைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பையைக் கீழே வைத்தாள்.

"ஊத்துங்க. புள்ள திருந்தணும்."

இருவரும் குடித்தார்கள். அலுவலர் அந்தக் கணத்தோடு குடியை விட்டார்.

முகத்தைச் சுளித்தபடி அம்மா டம்ளரை வைக்கப் போனாள். வாசலில் காத்திருந்த மாட்டுத் தரகர் பணிவாகக் குறுக்கிட்டார்.

"கையிலேயே இருக்கட்டும்மா. இன்னிக்கு ஒரு மாடு கைமாறணும்."