கமலியின் கழுத்து

முப்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை பொம்மை வைத்திருந்தால் உலகம் அவனைப் பார்த்துப் பரிதாபப்படும், அல்லது பயப்படும். நான் இரண்டையும் ஒரே காலையில் சம்பாதித்தவன்.

கமலி, கைக்குழந்தை அளவு மூட்டுப் பொம்மை. கை, கால், கழுத்தெல்லாம் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிற்றில் கோத்தவை. கண்ணையும் முடியையும் இஷ்டப்படி மாற்றலாம். நான் வெளுத்த கண்களும் நீலம் பாரித்த உதடும் வைத்திருந்தேன். (கலையாம்.) அவள் இருக்கும் அறையில் அம்மா காலெடுத்து வைக்க மாட்டாள்.

ஒரு கண்காட்சிக்குப் படம் அனுப்ப வேண்டியிருந்தது. விடிந்ததும் கரமனையாற்றுப் படித்துறைக்குப் போய், கமலியைப் பாதி உடம்பு தண்ணீரில் இருக்கும்படி கிடத்தினேன். கூந்தல் நீரில் விரிந்தது. கேமராவோடு புதர் மறைவில் படுத்தேன். வெளிச்சம் அற்புதம்.

எதிர்க்கரையில் குளித்துக்கொண்டிருந்த சுகுமாரன் சேட்டனுக்கும் அதே வெளிச்சம்தான். எங்கள் தெருமுனையில் பேக்கரி வைத்திருப்பவர். "ஐயோ, ஒரு குட்டி" என்று, குழந்தையென நினைத்து அலறி, நீந்தி வந்து, கமலியின் தலையைப் பிடித்து இழுத்தார். தலை வந்தது. கால் படியிடுக்கில் மாட்டியிருந்ததால் உடம்பு வரவில்லை. நடுவே கழுத்து ஒரு முழம் நீண்டது. அவர் பதறிக் கையை விட, தலை 'டப்' என்று பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தது. சேட்டனும் உட்கார்ந்துவிட்டார். ஒரு கண் தெறித்து அவர் மடியில் விழுந்தது.

என் விரல் ஷட்டரை அழுத்திக்கொண்டே இருந்தது.

கூட்டம் கூடியது. செய்வினை என்றார் ஒருவர். போலீசும் வந்தது.

"எந்தாடோ இது?" என்றார் எஸ்.ஐ.

"ஆர்ட், சார்."

அவர் முகம் இன்னும் கடுத்தது. கேமராவைக் கேட்டுக் கை நீட்டினார்.

அதற்குள் யாரோ சொல்லி அம்மா ஓடி வந்தாள். கமலியை வாரியெடுத்து முந்தானையால் தலை துவட்டினாள்.

"என் பேத்தி, சார். குளிப்பாட்டக் கூட்டிண்டு வந்தான். அவனுக்குப் பழக்கமில்லை."

முதலில் சிரித்தது சேட்டன்தான். மடியில் கிடந்த கண்ணைப் பவ்யமாக அம்மாவிடம் நீட்டினார்.

"விட்டேக்கு சாரே. குட்டிக்கு ஒண்ணுமில்லா. எனக்குத்தான் டாக்டரைக் காணணும்."

கண்காட்சியில், நான் கலையென்று நினைத்து எடுத்த படங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சேட்டன் சம்மதத்தோடு மாட்டிய படத்தின் முன்னால்தான், நீண்ட கழுத்தையும் அவருடைய பிளந்த வாயையும் பார்த்துக் கூட்டம் நின்றது. அவர் இஸ்திரி போட்ட வேட்டியில் குடும்பத்தோடு வந்து, கேட்காதவர்களிடமும் தன் படத்தைக் காட்டி "இது ஞானாணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அம்மா அளவெடுக்கும் டேப்போடு என் அறைக்குள் வந்தாள். கமலிக்குக் கவுன் தைக்க.

இப்போதும் வழியில் கண்டால் சேட்டன் விசாரிப்பார்: "மோளுக்குச் சுகமல்லே?"

"லேசா ஜலதோஷம்" என்பாள் அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.