இத்தெருவுக்கு ஏற்ற வாகனங்கள்

ஒரு பெண்ணின் பிழைப்பை நான் கெடுத்தேன். அதுவும் முத்து முத்தான கையெழுத்தில்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். விருத்தாசலத்தில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற புதிது. மதிப்பெண் போட ஆள் கிடைக்காமல் கை பரபரத்தது. எங்கள் தெருவுக்குள் தினமும் ஒரு டெம்போ வந்து, எதிர்வீட்டுச் செல்வியிடம் பீங்கான் கப்புகளை இறக்கும். அவளும் நாலு பெண்களும் பிசிறு தேய்த்து, வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். அந்த டெம்போ ரிவர்ஸ் எடுக்கும்போது பாடும் பாட்டு என் பகல் தூக்கத்தைக் கெடுத்தது. (காரணம் அவ்வளவுதான். தெருக்காரர்களிடம் 'குழந்தைகளின் பாதுகாப்பு' என்றேன். தெருவில் அப்போது குழந்தைகளே இல்லை.)

ஒரு பட்டியல் எழுதினேன். 'சைக்கிள்: மிகவும் ஏற்றது. ஸ்கூட்டர்: ஏற்றது. ஆட்டோ: சுமார். டெம்போ: ஏற்றதன்று.' (என்னிடம் இருந்தது ஸ்கூட்டர்.) பீங்கான் கம்பெனி முதலாளிக்கும் ஒரு நகல் கொடுத்தேன். வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று தெருவே தலையாட்டியது. தெருமுனையில் இரண்டு கல்தூண்கள் நட்டேன். நடுவில் நாலரை அடி; ஆட்டோ நுழையும், டெம்போ நுழையாது.

செல்வி ஒரே ஒருமுறை வந்து நின்றாள்.

"சார், வண்டி உள்ள வரலன்னா முனையிலேந்து நாங்கதான் கொண்டாரணும். பாதி ஒடஞ்சிடும் சார்."

"பாத்துக் கொண்டுவந்தா உடையாது" என்றேன்.

அவள் ஒரு பழைய ட்ரைசைக்கிளில் வைக்கோல் பரப்பிக் கப்புகளைக் கொண்டுவர ஆரம்பித்தாள். நிறைய உடைந்தன.

மூன்றாம் மாதம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் தூணருகே நின்றுவிட்டது. எங்களுடையது கடைசி வீடு. டிரைவர் நடந்து வந்து, "எந்தப் புண்ணியவான் சார் கல்லு நட்டது?" என்றார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"இவருதாங்க" என்றாள் மனைவி, அந்த வலியிலும்.

செல்வி ட்ரைசைக்கிளோடு வந்தாள். வைக்கோலைக் கனமாகப் பரப்பி, பெண்கள் எல்லோரும் சேர்ந்து மனைவியை ஒரு பலகையில் கிடத்தித் தூக்கி வைத்து, இரு பக்கமும் வைக்கோல் திணித்தார்கள்.

"ஒண்ணும் ஆவாதுக்கா. ஒடையற சாமான் ஏத்தி எங்களுக்குப் பழக்கம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பின்னால தள்ளுங்க சார். பாத்துத் தள்ளுனா ஒடையாது."

தள்ளினேன்.

மறுநாளே கடப்பாரை வாங்கி நானே தூண்களைப் பெயர்த்தேன். இரண்டாவது தூண் என் கால்விரல்மேல் சாய்ந்தது. (சரியான ஆள்மேல்தான்.) நொண்டியபடி செல்வியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"கல்ல எடுத்தீங்க, சரி சார். சாமான் ஒடையுதுன்னு அடுத்த வாரத்துலேந்து வேற தெருவுக்கு வேல குடுக்கறாங்களாம்."

முதலாளியிடம் ஓடினேன். அவர் மேஜைக்குள்ளிருந்து என் பட்டியலை எடுத்து என் முன்னால் போட்டார். "ஏற்றதன்றுன்னு நீங்கதான சார் எழுதிக் குடுத்தீங்க?"

அங்கேயே 'ஏற்றதன்று' என்பதை அடித்து, 'மிகவும் ஏற்றது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆயிரம் விடைத்தாள் திருத்தியவன், என்னுடையதைத் திருத்தியது அன்றுதான். அவர் சிரிக்கவில்லை. தினமும் வந்த டெம்போ அதன்பின் வாரம் இருமுறைதான் வந்தது. நாலு பெண்களில் இரண்டு பேருக்கு வேலை போனது. அது திரும்பவேயில்லை.

இப்போதும் கட்டிலோ பீரோவோ, புது மருமகனோ, வீட்டுக்கு எது வந்தாலும் வாசலில் நின்று மனைவி சொல்வாள்: "தெருவுக்கு ஏத்ததான்னு சாரக் கேட்டுக்கிட்டு உள்ள வாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். எதிர்வீட்டில் செல்வியும் சிரிக்கிறாளா என்று நான் பார்ப்பேன். சில நாள் சிரிப்பாள்.