பெரியப்பா வைத்த மூடி

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலமாக இருக்கிறோம். அப்பாவின் ரத்த அழுத்தம் மட்டும் அதற்குத் தோன்றியபடி ஏறி இறங்குகிறது. அம்மா உங்களை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அக்கா வீட்டு மாடிப்படியை அளந்து பார்த்து, ஒவ்வொரு படியும் அரை அங்குலம் அதிகம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னீர்களாம். அவர் என்ன செய்வார், பாவம். வாடகை வீடு.

இது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. போனில் நீங்கள் "சரி சரி, வேற?" என்பீர்கள். வேறு எதுவும் இல்லை. இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். அதன் அடியில் கையெழுத்துப் போட்டு, இருபதாம் தேதிக்கு முன் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஏன் என்று கேட்காமல் நீங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் கட்டிய பொது அரங்கத்தில்தான், நீங்கள் சொல்லித்தான், எனக்கு இந்த வேலை கிடைத்தது. நிகழ்ச்சி உதவியாளர். ஆறு மாதம் தற்காலிகம். மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று மேனேஜர் முடிவு செய்வார். நான் படித்தது தத்துவம். செய்வது நாற்காலி அடுக்குவது. இரண்டும் ஒன்றுதான் என்று சில மாலைகளில் தோன்றும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு 'சுற்றுச்சூழலும் நாமும்' என்று ஒரு பொதுக் கலந்துரையாடல் நடத்துகிறோம். யாரும் வரலாம். யாரும் பேசலாம். வருகிறார்கள், பேசுகிறார்கள், அதில் குறையே இல்லை. குறை எல்லாம் என் ஏற்பாட்டில். முதல் மாதம் 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று பேனர் வைத்தேன். பேனரே பிளாஸ்டிக் என்று கூட்டம் தொடங்கிய பிறகுதான் கண்டேன், அதைச் சுருட்ட முயன்றபோது அது பேராசிரியர் ஒருவரையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டது. இரண்டாம் மாதம், காகிதத்தைச் சேமிப்பது பற்றி ஐந்நூறு துண்டறிக்கை அச்சடித்தேன். மூன்றாம் மாதம், சைக்கிளில் போவதன் நன்மைகள். எல்லோரும் காரில் வந்து, நிறுத்த இடமில்லாமல் வாசலில் சண்டை போட்டார்கள். சண்டை கூட்டத்தைவிட நன்றாக நடந்தது. போன மாதத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை.

"இந்த வாட்டி ஒரு தப்பு நடந்தாலும், நிரந்தரத்தை நீயே மறந்துடு," என்றார் மேனேஜர்.

ஆகவே இந்த மாதம் பேனர் கிடையாது, கரும்பலகை. காகிதக் கப் கிடையாது, பள்ளிக்கூடத்து உணவகத்தில் கெஞ்சி வாங்கிய அறுபது கண்ணாடித் தம்ளர்கள். ஏசி கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள் பெரியப்பா. நீங்கள் அரங்கத்தைக் கட்டி முடித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. உள்ளே ஆள் இருக்கும் நேரத்தில் ஏசி நின்றதே இல்லை. கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் உறுமும். அந்த உறுமலைத்தான் நாங்கள் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைய பேச்சாளர் நீர் ஆய்வு செய்யும் பேராசிரியை. ஒல்லியான அம்மா, தடித்த பை. இந்த ஊரில் காணாமல் போன நீர்நிலைகளின் பட்டியலை வாசித்தார். பதினான்கு. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல ஒவ்வொரு பெயராக வாசித்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்தினார். யாரும் 'உள்ளேன்' சொல்லவில்லை. பிறகு, எல்லோரும் எழுந்து அவற்றுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்கலாமா என்று கேட்டார்.

மேனேஜர் என் காதருகே வந்தார். "துக்கம் அனுசரிக்கிற ஹால்னு பேர் வந்தா பிறந்தநாள் புக்கிங் எல்லாம் போயிடும்மா."

சுருக்கம் சார் கையைத் தூக்கினார். இவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. "சுருக்கமா ஒண்ணு சொல்லிடறேன்" என்று ஆரம்பித்து இருபத்தைந்து நிமிடம் பேசுவார். "மௌனத்தைப் பத்திச் சுருக்கமா ஒண்ணு—"

"மௌனத்துக்கு அப்புறம் சார்," என்றேன்.

எழுந்து நின்றோம். வியர்வை வழிந்தது. அரை நிமிடம் ஆகியிருக்கும்.

தண்ணீர்ச் சத்தம்.

மெல்லியது. ஆனால் சந்தேகமே இல்லை. அறுபது பேரும் தலையைக் குனிந்தபடியே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் நிரந்தரம் ஆவியாவதை நானே பார்த்தேன்.

"என்னம்மா இது? தண்ணியை மிச்சம் பண்ணக் கூட்டம் போட்டுட்டு, பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டிருக்கியே!"

ஓடினேன். குழாய்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன. கடைசி வரிசையில் அரங்கத்தின் பிளம்பர் உட்கார்ந்திருந்தார். மாடித் தொட்டியைப் பார்க்க வந்தவர், இலவச டீக்காகக் கூட்டத்தில் தங்கியவர். அவர் வெளியே போய்த் திரும்பி வந்தார்.

"மெயின் வால்வையே மூடிட்டேம்மா. கட்டடத்துல இப்போ ஒரு சொட்டு ஓடல."

சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ இது என்ன?" என்றார் மேனேஜர்.

பிளம்பர் காலித் தம்ளர் ஒன்றை எடுத்தார். தரையில் கவிழ்த்தார். குப்புறப் படுத்து அதன் அடிப்பாகத்தில் காதை வைத்தார். அவர் முகம் மாறியது. கண்ணை மூடிக்கொண்டார். மனைவி வயிற்றில் குழந்தை உதைப்பதைக் கேட்பவர் அப்படித்தான் இருப்பார் போல.

"இது நம்ம தண்ணி இல்லைங்க," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது. நான் சொல்லாமலே எல்லோரும் ஆளுக்கொரு தம்ளர் எடுத்தார்கள். நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். முழங்கால் வலிக்காரர்கள், தொப்பைக்காரர்கள், இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள், 'கூட்டத்துக்கு வந்ததே தப்பு' என்று வந்ததிலிருந்து முணுமுணுத்த ஓர் அம்மா, பேராசிரியை. அறுபது பேர். தரையில். குப்புற. "இங்க கேக்குது!" "இங்க இல்லையே!" "கொஞ்சம் நகருங்க, உங்க மூச்சுதான் கேக்குது எனக்கு." கேட்ட இடத்தில் எல்லாம் நான் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்தேன். மேடைக்கு அடியில் பிறந்து, மூன்றாவது வரிசையில் சோம்பலாகத் திரும்பி, இடது தூணைச் சுற்றிக்கொண்டு, ஸ்டோர் ரூம் கதவுக்குள் போனது கோடு. நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் கட்டிய அந்த அரங்கத்தில் எல்லாமே நேர்கோடு. இது மட்டும் வளைந்திருந்தது.

வாசல் காவலர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "இந்தச் சத்தமா? ராத்திரி தினம் கேக்குமே. டாங்க் ரொம்புதுன்னு நினைச்சேன்."

"இருபத்திரண்டு வருஷமாவா?" என்றார் மேனேஜர்.

"பெரிய டாங்க்னு நினைச்சேன் சார்."

ஸ்டோர் ரூமில் உடைந்த நாற்காலிகளை வெளியேற்ற அரை மணி நேரம். அடியில் சிமெண்ட் மூடி. இரண்டு இரும்பு வளையம். ஒரு பக்கம் பிளம்பர், மறுபக்கம் சுருக்கம் சார். மூடி நகர்ந்ததும் முதலில் வந்தது குளிர்ச்சி. வியர்த்த முகங்களில் எல்லாம் அது வந்து பட்டது. பிறகு ஈர மண் வாசனை. பிறகு நான் எட்டிப் பார்த்தேன்.

தண்ணீர் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. குழாயில் வருவதையும் அப்படித்தான் சொல்கிறோம். ஒரு முழ ஆழத்தில், கூழாங்கற்களின் மேல், அது போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு தெளிவு. விரல் நகம் அளவில், உடம்புக்குள் முள் தெரியும்படி, மீன்கள். நாங்கள் பார்த்ததற்காக அது நிற்கவில்லை. எங்களைக் கண்டு வேகம் கூடவும் இல்லை. நாங்கள் ஐந்து மாதமாக அதன் தலைக்கு மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதைக் காப்பாற்றுவது எப்படி என்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தோம். அது கீழே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்துவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றார்கள்.

சுருக்கம் சாரிடம் மைக்கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

பேராசிரியை தரையில் உட்கார்ந்து பட்டியலை விரித்தார். ஒன்பதாவது பெயர், ஓர் ஓடை. "இது செத்துப் போச்சுன்னு நான் மூணு கட்டுரை எழுதியிருக்கேன்," என்றார். பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இதுவரை நல்ல செய்தி. இனி உங்களைப் பற்றி.

யாரோ போய் வாசல் கல்வெட்டைப் படித்துவிட்டு வந்தார்கள். தலைமைப் பொறியாளர் என்று உங்கள் பெயர், பொன்னெழுத்தில். "ஓடற தண்ணியை மூடிட்டு அது மேல மேடை போட்டிருக்கார் பாரு, மகாராசன்!" என்றார் ஒருவர். இன்னொருவர் உங்கள் படிப்பைச் சந்தேகித்தார். முணுமுணுத்த அம்மாதான் திருப்பிக் கேட்டார்: "கொல்ல நினைச்சவன் எதுக்குய்யா வளையம் போட்டு மூடி வைக்கப் போறான்? மண்ணைக் கொட்டி மூடியிருக்க மாட்டானா?" பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். இருபதாம் தேதி சிறப்புக் கூட்டம் என்று தீர்மானமாயிற்று. அதிகாரிகளும் வருகிறார்கள்.

நான் உங்கள் தம்பி மகள் என்று அங்கே சொல்லவில்லை. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். அவருக்கு மட்டும்தான் நம் உறவு தெரியும். "பாரும்மா. ஓடைன்னு ஆயிடுச்சுன்னா சோதனை, அளவெடுப்பு, ஹாலை இழுத்து மூடிடுவாங்க. என் வேலையும் போச்சு, உன் வேலையும் போச்சு. பெரியப்பாகிட்ட ஒரே ஒரு வரி வாங்கு. 'இது மழைநீர் வடிகால்'னு. வடிகாலுக்காக எவனும் வரிசையில நிக்க மாட்டான். சிமெண்ட் பூசி மூடிட்டு நிம்மதியா இருக்கலாம்."

அந்த ஒரு வரியை நானே தட்டச்சு செய்துவிட்டேன். அழகாக வந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் அல்ல. மழை பெய்தால் மழைநீரும் அதில்தானே போகும். மீன்களைப் பற்றி அந்தத் தாளில் எதுவும் இல்லை. மீன் இல்லை என்று நீங்கள் சொன்னதாக ஆகாது. எனக்கு நிரந்தர வேலை. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கும். உங்களை யாரும் ஏசமாட்டார்கள். தண்ணீருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, அதற்கு இருட்டு பழக்கம்தான். இப்படி எல்லாம் நினைக்க நான்கு வருடம் தத்துவம் படிக்க வேண்டியிருந்தது.

ஆகவே பெரியப்பா, தயவுசெய்து, ஏன் என்று கேட்காமல், இந்த ஒரு முறை.

பெரியம்மாவுக்கும் அக்காவுக்கும் என் அன்பு. மாப்பிள்ளைக்கு வணக்கமும் ஆறுதலும். உங்கள் ஆசியையும் கையெழுத்தையும் ஒரே தபாலில் எதிர்பார்க்கும்,

உங்கள் தம்பி மகள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி, மதிய இடைவேளையில் ஸ்டோர் ரூமுக்குப் போனேன். மூடி திறந்திருந்தது. விளிம்பில் மேனேஜர். கால்சட்டையை முட்டிவரை மடித்து, இரண்டு காலையும் தண்ணீரில் விட்டிருந்தார். பக்கத்தில் சாப்பாட்டு டப்பா, திறக்காமல்.

"இது ராத்திரியும் ஓடுமாம்மா?" திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"ஓடும் சார்."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னைக்கும்தான் சார்."

"லீவே கிடையாதா," என்றார், மிகுந்த மரியாதையுடன். பிறகு கையை நீட்டினார். "அந்தத் தாளை எடு."

கொடுத்தேன். படித்தார். "வடிகால்னு யார் எழுதினது?"

"நீங்க சொன்னீங்க சார்."

"நான் சொன்னா எழுதிடுவியா? படிச்ச பொண்ணுதானே நீ?"

மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்போ வேலை, சார்?"

"யாரோடது?"

"என்னோடது. உங்களோடதும்."

ஒரு மீன் அவர் கட்டைவிரலை முகர்ந்து பார்த்தது. அவர் அசையவே இல்லை. "பேசாதம்மா," என்றார், "போயிடும்."

ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். உறைக்குள் இருப்பது வெற்றுத் தாள். மண்ணைக் கொட்டாமல், திறக்கும்படி ஒரு மூடியை ஏன் வைத்தீர்கள் என்று அதில் எழுதுங்கள். விதிப்படி வைத்தேன் என்பதுதான் பதில் என்றால், அதையே எழுதுங்கள். இருபதாம் தேதி நான்தான் மேடையில் படிக்கப் போகிறேன். நான் உங்களுக்கு யார் என்று முதலில் சொல்லிவிட்டு.